நொண்டித் தட்டு

படிக்கட்டுக்கு அடியில் அலமாரியில் துணி சுற்றிப் பூட்டி வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரைக் காணவில்லை. பூட்டு உடையவில்லை. சாவி இரண்டு பேரிடம்தான் இருக்கிறது. ஒன்று என்னிடம், இன்னொன்று என் தங்கச்சியிடம். இதற்கு மேல் துப்பறிய என்ன இருக்கிறது?

அவள் ராப் பாடுவாள், நான் இசை போடுவேன். வாஷிங் மெஷின் ரிப்பேர் கடைக்கு மேலே, சுவரெல்லாம் பழைய மெத்தை அடித்த அறைதான் எங்கள் ஸ்டூடியோ; ஊரில் ராப் பாடுகிற எல்லாரும் பதிவு செய்வதும் இங்கேதான். வேலை நாட்களில் அவள் தையல் ஆலையில் பட்டன் தைக்கிறாள். வாய்த்துடுக்குக்கு அவளை மிஞ்ச ஆளில்லை என்பதால் ஊசி என்று பெயர்.

எங்கள் ஊர் ராப்பில் கைத்தட்டுச் சத்தம் விழவேண்டிய இடத்தில் விழாது. கண் சிமிட்டும் நேரம் தள்ளி விழும். வெளியூர்க்காரர்கள் 'நொண்டித் தட்டு' என்று கேலி செய்தார்கள். நாங்கள் அதையே பட்டமாக வைத்துக்கொண்டோம். கண்ணை மூடிக் கேட்டாலும் இது எங்கள் ஊர்ப் பாட்டு என்று தெரியும்.

ஒரு வருடமாக அந்தத் தட்டு நேராகிக்கொண்டே வந்தது. அதே சமயத்தில்தான் பெரிய இசைக் கம்பெனி ஒன்று ஊருக்குள் கடை விரித்தது. எனக்கு எல்லார் மேலும் சந்தேகம். டயர் கடைப் பல்லன் தன் புதுப் பாட்டைப் போட்டுக்காட்டியபோது தட்டு ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக விழுந்தது. "கம்பெனிக்கு வித்துட்டேல்ல? வெளிய போ" என்று அத்தனை பேர் நடுவில் கத்தினேன். அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நான் விடவில்லை.

இப்போது சொந்தத் தங்கச்சி. மூன்று வாரமாக லீவு நாளில் எங்கேயோ போகிறாள். கேட்டால், "வேலை இருக்கு." போன் அடித்தால் எழுந்து வாசலுக்குப் போய்ப் பேசுகிறாள். எங்கள் தட்டு பிறந்ததே அந்தப் பழைய பெட்டியில்தான். அதைக் கம்பெனிக்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டால் எங்களுக்கென்று என்ன மிஞ்சும்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் பின்னாலேயே போனேன். அவள் நுழைந்தது அவளுடைய ஆலையின் நூல் கிடங்கில். கதவைத் தள்ளினேன். நூல்கண்டுப் பெட்டிகள் மேல் எங்கள் பழைய கம்ப்யூட்டர் இரைந்துகொண்டிருந்தது.

"எங்க அவன்?"

"எவன்?"

நான் அலமாரிகளுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"தேடி முடிச்சிட்டியா? இப்படி வா. இதைக் கேளு."

ஹெட்போனை என் காதில் மாட்டினாள். தட்டு மட்டும் ஓடியது. நேர்த் தட்டு.

"இது யாரு போட்டது சொல்லு."

"கேக்கணுமா? கம்பெனிக்குத் தலையாட்டுற எவனோ ஒருத்தன்."

"நீ போட்டதுண்ணே. போன மாசம், என் பாட்டுக்கு."

ஃபைலைக் காட்டினாள். என் பெயர், தேதி, எல்லாம் இருந்தது. தேதியை இவளே மாற்றியிருப்பாளோ என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். என் புத்தி அப்படி.

"இதுல ஒரு தட்டு தட்டு," என்று பழைய பெட்டியின் கீபோர்டைக் காட்டினாள். அமுக்கினேன். சத்தம் கண் சிமிட்டும் நேரம் கழித்து வந்தது.

"பாத்தியா? உன் கை எப்பவும் நேராத்தான் தட்டிச்சு. இந்தக் கிழட்டுப் பெட்டிதான் லேட்டாச் சொல்லிச்சு. போன வருஷம் புதுசு வாங்கினே. அது தட்டினவுடனே சொல்லுது. அதுலேர்ந்து உன் ரூம்ல பதிவான எல்லாமே நேரு."

"எல்லாமேன்னா?"

"பல்லன் பாட்டு எங்க பதிவாச்சு?"

என் அறையில்தான். நானே உட்கார்ந்து தட்டிக்கொடுத்தது; அதைக் கம்பெனிதான் பின்னால் நேராக்கிவிட்டது என்று நம்பியிருந்தேன். மற்றவர்கள் பாட்டென்றால் குற்றம் கண்டுபிடிக்கவே கேட்டேன். என் கைவேலையை நான் சோதித்துப் பார்த்ததே இல்லை. வெட்கத்தில் காது சுட்டது.

"முன்னாடியே ஏன் சொல்லல?"

"சொல்ல வந்த பல்லனை நீ என்ன பண்ணினேன்னு பாத்தேனே. அதான் கிடங்கு வாட்ச்மேன்கிட்ட போன்ல பேசி இடம் பிடிச்சு, முதல்ல உன் காதாலயே கேக்க வைக்கலாம்னு ரெடி பண்ணிட்டிருந்தேன்."

"இந்தப் பெட்டி இன்னும் எத்தனை நாளைக்கு வரும்?"

"ரொம்ப நாள் தாங்காது. அதுக்குள்ள கையாலயே தள்ளித் தட்டப் பழகிக்கணும்." நூல் பெட்டியில் அவள் தட்டிக் காட்டினாள். சரியான இடத்தில் நொண்டியது. நான் தட்டினேன். நேராக விழுந்தது. மறுபடி தட்டினேன். மறுபடியும் நேர். இத்தனை வருடம் ஊருக்கே காவல்காரனாக நின்றவனுக்கு அந்தத் தட்டு வரவில்லை.

போனை எடுத்தேன். பல்லன் நான்காவது மணியில் எடுத்தான். பின்னால் டயருக்குக் காற்றடிக்கும் சத்தம்.

"என்னண்ணே, இப்ப எதை வித்துட்டேன்?"

"நீ ஒண்ணும் விக்கலடா," என்றேன். "உன் பாட்டைக் கெடுத்தது நான்தான். அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நீ சொல்ல வந்தியே, அதை இப்ப சொல்லு. கேக்குறேன்."