தேயும் சிவப்பு வட்டம்

“டீச்சர், இதுக்குக் கோபம் வருமா?”

கணக்கு சொல்லித்தரும் டேப்லெட்டைத் தொடாமலே சிட்டு ஒருநாள் இப்படிக் கேட்டாள். எண்களைக் கண்டால் தடுமாறும் பிள்ளைகளுக்கென்றே பள்ளி வாங்கிய கருவி அது. எட்டு என்றால் எட்டு மீன் நீந்தும். மூன்றைக் கழித்தால் மூன்று ஓடி ஒளியும். கோபமெல்லாம் வராதும்மா என்று டீச்சர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தச் சிரிப்பு இப்போது அவருக்கே முள்ளாய்க் குத்தியது. வீட்டில் அம்மாவோடு கணக்குப் போடுகிற சிட்டு, டேப்லெட்டின் முன் சிலையாகிவிடுகிறாள். பதில் வராவிட்டால் தெரியவில்லை என்றே கருவி எடுத்துக்கொள்ளும்; இன்னும் சுலபமான கணக்குக்கு இறக்கிவிடும். இறங்கி இறங்கி அடிமட்டத்துக்கே வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை மதிப்பிட அதிகாரி வருகிறார். அவர் முன்னாலும் இப்படியே உட்கார்ந்திருந்தால், ஊரின் மறுகோடியில் இருக்கும் வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். சிட்டுவின் அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. தெரியாத வாசலில் என் பிள்ளையைத் தனியே நிறுத்திவிடாதே என்று கடவுளிடம் கெஞ்சிக்கொண்டே இருந்தாள். பதில், பெரியவர்கள் யாரும் பார்க்காத பக்கத்திலிருந்து வந்தது.

வியாழக்கிழமை, வகுப்பே ‘வாயாடி’ என்று கூப்பிடும் பக்கத்து இருக்கைக்காரி, சிட்டுவின் கண் எங்கே நிற்கிறது என்று கவனித்தாள். திரையின் மூலையில், மிச்ச நேரத்தைக் காட்டும் சிவப்பு வட்டம் தேய்ந்துகொண்டிருந்தது. சிட்டு மீன்களைப் பார்க்கவே இல்லை.

“அது என்ன, உன்னைக் கடிக்குமா? மீனை எண்ணுடி.”

“அது தீர்ந்துபோச்சுன்னா என்னை அனுப்பிடுவாங்க.”

வாயாடி தன் பென்சில் பெட்டி மூடியில் இருந்த ஒரே பூ ஸ்டிக்கரை நகத்தால் உரித்து, வட்டத்தின் மேல் ஒட்டினாள். பிறகு நடந்ததை டீச்சரிடம் போய்ச் சொன்னாள்.

மறுநாள் அதிகாரி டேப்லெட்டை வாங்கிப் பார்த்தார். இது என்ன குப்பை என்றார். அவர் நகம் பூவின் ஓரத்தைத் தொட்டது. சிட்டுவின் உதடு வெளுத்தது. டீச்சர் ஓரடி முன்னால் வந்தார்.

“இருக்கட்டும் மேடம். அது அவளுக்கு மூக்குக்கண்ணாடி மாதிரி.”

அதிகாரி குழந்தையின் முகத்தைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

மீன்கள் நீந்தின. சிட்டுவின் உதடு மெல்ல அசைந்தது. ஒரு பதில் வந்தது, அடுத்ததும் வந்தது. அவள் இங்கேயே படிக்கட்டும் என்று அதிகாரி எழுதிக்கொடுத்தார்.

டீச்சர் அவள் உள்ளங்கையில் தங்க நட்சத்திர ஸ்டிக்கர் ஒன்றை வைத்தார். கணக்குக்காக அவளுக்குக் கிடைத்த முதல் நட்சத்திரம்.

இடைவேளைக்கு எல்லாரும் ஓடிய பிறகு சிட்டு மட்டும் பின்தங்கினாள். வாயாடியின் பெட்டி மூடியில், பூ இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. அதன் மேல் நட்சத்திரத்தை வைத்துக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினாள். பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு விளையாட ஓடினாள்.