எட்டாவது வயர்

1

என்னிடம் கேட்டது மனு. நான் எழுதிக்கொண்டிருப்பது கதை. குளறுபடி அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுப் பெண் வந்தார். நான் எழுதுகிறவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்த இன்டர்நெட் கம்பெனிக்காரர்களுக்கு உறைக்கிற மாதிரி ஒரு மனு எழுதித் தர முடியுமா என்று கேட்டார். எழுத்தாளனிடம் போய் மனு கேட்கிறாரே என்று மனதுக்குள் கொஞ்சம் முறுக்கிக்கொண்டாலும் தலையை ஆட்டிவிட்டேன். அனுப்புநர் என்று எழுதினேன். பெறுநர் என்று எழுதிவிட்டு முழித்தேன். மொத்தம் நான்கு கம்பெனிகள். அதில் எது எங்கள் தெருவுக்கு வருகிறது, எது வருவதாகப் பீற்றிக்கொள்கிறது என்றே தெரியாதபோது யாரைத் திட்டி எழுதுவது? சரி, நடந்ததை முதலில் வரிசையாக எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். நான் வரிசையாக எழுத உட்கார்ந்தால் அது கதையாகிவிடும். கெட்ட பழக்கம்.

(நேரில் அவரை ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவேன். கதைக்குள் ‘அவள்’ என்று வருவாள். படித்தால் கோபித்துக்கொள்ளக் கூடாது. படிப்பதற்கு முதலில் அவளுக்கு இன்டர்நெட் வேண்டுமே என்று இங்கே ஒரு அற்ப ஜோக் இருந்தது. எடுத்துவிட்டேன்.)

2

முதல் தொடக்கம்: மழை ஓய்ந்த தெருவில் கம்பிகள் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தன. அவள் ஜன்னலோரம் நின்று

வேண்டாம். மழையும் பெய்யவில்லை, ஜன்னலோரம் நிற்க அவளுக்கு நேரமும் இல்லை.

இரண்டாவது தொடக்கம்: தகவல் யுகத்தில் தனிமனிதன் என்பவன்

சீ.

மூன்றாவது, நேராகவே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு வேலை தட்டச்சு. ஆபீஸ் கடிதம் அடிக்கிற தட்டச்சு இல்லை. எங்கோ ஒரு கல்லூரியில் மருந்தாளுநர் படிப்பு படிக்கும் ஒரு பெண்ணுக்குக் காது கேட்காது. வகுப்பில் ஆசிரியர் பேசப் பேச, இவள் வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டு, கேட்ட கையோடு அடிப்பாள். அது அந்தப் பெண்ணின் திரையில் எழுத்தாக ஓடும். இடைவெளி இரண்டு வினாடி. அதற்கு மேல் போனால் அந்தப் பெண்ணுக்கு ஆசிரியரின் வாய் மட்டும்தான் தெரியும்.

போன பருவம் முழுக்க செல்போன் சிக்னலை வைத்து ஒப்பேற்றினாள். எந்த மருந்து எத்தனை வயதுக்கு எவ்வளவு என்று நடத்திய அன்று சிக்னல் படுத்துக்கொண்டது. இருபது நிமிடம் திரை காலி. அந்தப் பேப்பரில் அந்தப் பெண் ஃபெயில். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ‘பரவாயில்லை அக்கா’ என்று செய்தி அனுப்பினாள். திட்டியிருந்தால் இரண்டு நாளில் மறந்திருக்கும். இந்தப் ‘பரவாயில்லை’ இவளைச் சோறு இறங்கவிடாமல் செய்துவிட்டது.

அதே பாடம் வரும் திங்கள் காலை ஒன்பது மணிக்கு மறுபடி தொடங்குகிறது. அதே அக்காதான் வேண்டும் என்று அந்தப் பெண் எழுதிக் கொடுத்திருக்கிறாள். வேலை தரும் இடத்தில் ஒரே நிபந்தனை: திங்களுக்குள் வீட்டுக்கு வயர் இணைப்பு, இவள் பெயரில், இவள் கதவு எண்ணில். இல்லையென்றால் வேறு ஆள்.*

* பக்கத்து வீட்டு வைஃபையை வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். நானும் சொன்னேன், ரொம்பத் தாராளமாகவே சொன்னேன். அடுத்தவர் இணைப்பில் வேலை செய்யக் கூடாது என்பது அவர்கள் விதி. என் தாராளத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

3

‘உங்கள் பகுதியில் யார் யார் சேவை தருகிறார்கள்? ஒரே நொடியில் அறியுங்கள்!’ என்றது ஒரு தளம். அந்த ஒரு நொடி அவளுக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

அந்தத் தளம் ஏழு கம்பெனிகளைக் காட்டியது. இரண்டு, மூடிப் பல வருடம் ஆனவை. ஒன்று கப்பல்களுக்கு மட்டும் சேவை தருவது. மீதி நான்கையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள்.

முதல் கம்பெனி, “வாழ்த்துகள்! உங்கள் முகவரியில் சேவை உண்டு” என்று வண்ணக் காகிதங்களைத் திரையில் கொட்டியது. பெயர், பிறந்த தேதி, அடையாள அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், கையெழுத்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, கடைசிப் பக்கத்தில் ‘மன்னிக்கவும், உங்கள் முகவரியில் சேவை இல்லை’ என்றது. இல்லை என்று சொல்ல எதற்குப் பிறந்த தேதி?

இரண்டாவது கம்பெனி வரைபடத்தில் ஊசி குத்தச் சொன்னது. தன் வீட்டில் குத்தினால் ஊசி நகர்ந்து என் வீட்டு மொட்டைமாடியில் போய் நின்றது. அங்கே நின்றால் சேவை உண்டாம். ஆறு முறை இழுத்துப் பார்த்தாள். ஆறு முறையும் ஊசி என் மாடிக்கே வந்து ஏறிக்கொண்டது. (கற்பனை இல்லை. நான் வேண்டுமென்று வைத்த குறியீடும் இல்லை. நடந்தது.)

மூன்றாவது கம்பெனி போன் நம்பரைக் கேட்டது. கொடுத்தாள். அன்று மாலைக்குள் பதினோரு அழைப்பு. பதினோரு பேரும் அவளிடமே கேட்டார்கள்: “மேடம், உங்க ஏரியால எங்க சர்வீஸ் இருக்கா?”

இதை அவள் என்னிடம் சொல்லும்போது நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

4

புதன்கிழமை நான்காவது கம்பெனியிலிருந்து லைன்மேன் ஏணியோடு வந்தார். ஒன்பது நாளில் உண்மை பேசிய முதல் மனிதர். உண்மை இதுதான்: இந்தத் தெருவில் வயர் போட்டிருப்பது ஒரே ஒரு கம்பெனி, அவர் கம்பெனி. மற்ற மூன்றும் வாயால் வயர் இழுப்பவர்கள்.

அப்பாடா என்று இவள் மூச்சு விடுவதற்குள், தெருமுனைக் கம்பத்தில் இருந்த சாம்பல் நிறப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே எட்டுத் துளை. எட்டிலும் வயர். பெட்டி ஃபுல். புதுப் பெட்டிக்கு எழுதிப் போட்டால் மூன்று மாதமும் ஆகலாம், அடுத்த வருடமும் ஆகலாம். ஒரே வழி, இருக்கும் எட்டுப் பேரில் யாராவது இணைப்பை விட்டுவிட வேண்டும். காத்திருப்போர் பட்டியலில் இவள்தான் முதல் ஆள். யாராவது வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள் போன் போட்டு வேண்டாம் என்று சொன்னால் சனிக்கிழமை இவள் வீட்டுக்கு வயர் வந்துவிடும்.

“யாருங்க விடுவாங்க?” என்று கேட்டுவிட்டு ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன். ஆறுதலாக ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது இந்தக் கதைக்கு முக்கியமில்லை.

5

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் வருகிறது. அவளுடைய மாமியார்.

தெருவில் அவருக்குப் பெயர் எக்ஸ்சேஞ்சு அம்மா. முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர். யார் லைன் எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்துச் செருகிய கை. கதைக்கு இவர் தேவையா? ஏற்கெனவே லைன்மேன் இருக்கிறார், மாணவி இருக்கிறாள். மருமகளோடு மாமியார் சண்டை போட்டாலாவது ஒரு சுவாரசியம் உண்டு. இவரோ மருமகள் தட்டச்சு செய்யும்போது குக்கர் விசில் அடித்துவிடுமோ என்று அடுப்பையே அணைத்துவிடுகிற ஆள். இவரை எடுத்துவிட்டால் கதை இன்னும் கச்சிதமாக

முடியவில்லை. இரண்டு தடவை அழித்துவிட்டேன், இரண்டு தடவையும் குடையோடு திரும்பி வந்துவிட்டார்.

நேற்று, வியாழக்கிழமை காலை, எக்ஸ்சேஞ்சு அம்மா வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு தெருமுனைக் கம்பத்துக்குப் போனார். அங்கே குடையை மடக்கினார். அதன் நுனியால் ஒவ்வொரு வயராகச் சுட்டிக் காட்டிக்கொண்டே, அது எந்த வீட்டுக்குள் நுழைகிறது என்று பார்த்தபடி தெருவில் நடந்தார். திரும்பக் கம்பத்துக்குப் போனார். அடுத்த வயர். அரை மணி நேரம். தெருவே வேடிக்கை பார்த்தது.

கடைசியில் மருமகளிடம் சொன்னது இவ்வளவுதான்: “எட்டு வயர் போகுதும்மா. வீடு ஏழுதான் இருக்கு.”

6

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

முடிவு அ: மனுவைப் படித்துக் கம்பெனி மேலாளர் கண்கலங்கி, அன்றே புதுப் பெட்டியை அனுப்பிவைக்கிறார். (மேலாளருக்கு எழுத்தறிவு உண்டு என்பதற்கே ஆதாரம் இல்லை.)

முடிவு ஆ: எட்டில் ஒரு வயர் எலி கடித்துச் செத்துப்போனது என்று தெரியவருகிறது. யார் மேலும் தப்பில்லை. எலி மேல் போட்டுவிடலாம்.

முடிவு இ: அவள் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விடுகிறாள். வாசலில் நின்று கையசைக்கிறேன். நெகிழ்ச்சியான

இந்த மூன்றிலும் ஒரு ஒற்றுமை இருப்பதைக் கவனித்தீர்களா? மூன்றிலும் நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

7

எட்டாவது வயர் என்னுடையது.

ஏழாவதும் என்னுடையதுதான். அது கீழ்வீட்டுக்கு, மனைவி மக்களுக்கு. எட்டாவது மாடிக்கு. மூன்று வருடத்துக்கு முன்னால், பெரிய நாவல் எழுதப்போகிறேன் என்று மாடியில் ஒரு அறை கட்டினேன். வெளியிலிருந்து தனிப் படிக்கட்டு, தனிக் கதவு, தனிக் காலிங் பெல். இங்கே நான் யாருக்கும் கணவனோ அப்பாவோ கிடையாது என்று காட்டுவதற்காக, ஆபீஸ் ஆபீஸாக அலைந்து தனிக் கதவு எண்ணே வாங்கினேன்: 14/1. எண் வந்ததும் அதற்கு ஒரு இணைப்பு. நாவல் எழுத இன்டர்நெட் எதற்கு என்று மனைவி கேட்டாள். பதில் இல்லாததால் கோபித்துக்கொண்டேன்.

நாவலில் நான்கு பக்கம் எழுதினேன். அந்த நான்கும் தொடக்கங்கள். மூன்று வருடமாகப் பூட்டிய அறையில் மோடத்தின் பச்சை விளக்கு மட்டும் ஒழுங்காக வேலைக்கு வந்துகொண்டிருக்கிறது.

புதன்கிழமை பெட்டியைத் திறந்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்ல வாய் வரவில்லை. அந்த இணைப்பை வேண்டாம் என்றால், நாவலும் வேண்டாம் என்று நானே என் வாயால் சொன்ன மாதிரி. ஒரு நாள் பொறுத்துச் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் குடை வந்துவிட்டது.

இன்று காலை அவர் (இனி ‘அவள்’ என்று எழுதக் கை வரவில்லை) என் வாசலுக்கு வந்தார். மனு தயாரா என்று கேட்கத்தான். போகும்போது திரும்பி, தயங்கி, சொன்னார்:

“அத்தை என்னவோ சொல்றாங்க சார். நான்தான் சத்தம் போட்டேன். அப்படி இருந்திருந்தா, மனு எழுதித் தரேன்னு ஒத்துக்கிட்டிருப்பாரா அத்தைன்னு கேட்டேன்.”

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். மேலே அழித்த எதையும்விட இதைத்தான் அழிக்க வேண்டும், அழிக்கப்போவதில்லை.

“அது ஏதாவது பழைய வயரா இருக்கும்மா.”

அவர் நம்பினார். நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஒன்பது நாளாக அவரை அலைக்கழித்த மூன்று கம்பெனிகளையும் நான் இவ்வளவு நேரம் நக்கல் அடித்தேன். அவர்களாவது அவர் முகத்தைப் பார்க்காமல் பொய் சொன்னார்கள். வெட்கமாக இருக்கிறது.

8

கேட்ட மனுவை இப்போது எழுதிவிடுகிறேன்.

அனுப்புநர்: கதவு எண் 16.
பெறுநர்: கதவு எண் 14/1, மாடி.
பொருள்: சும்மா கிடக்கும் இணைப்பை விட்டுத்தரக் கோருவது.

ஐயா, திங்கள் காலை ஒன்பது மணிக்கு ஒரு பெண் வகுப்பில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதில் எழுத்து ஓடுவதும் ஓடாததும் தங்கள் கையில் உள்ளது. தாங்கள் எழுதாத நாவலுக்காக அவள் இரண்டாவது முறையும் ஃபெயிலாக வேண்டாம். இப்படிக்கு

கையெழுத்து அவருடையது. நான் போட முடியாது.

மணி இப்போது ஐந்து நாற்பது. மாடி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்று வருடத்தில் இந்த அறையில் எழுதுகிற முதல் கதை இதுதான். போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருக்கிறேன். ‘இணைப்பைத் துண்டிக்க எண் நான்கை அழுத்தவும்’ என்று கம்பெனியின் பதிவுசெய்த பெண்குரல் மூன்றாவது முறையாகச் சொல்கிறது. இந்தப் பத்தியை முடித்துவிட்டு அழுத்தலாம் என்று

பெல் அடிக்கிறது. 14/1-இன் பெல். கட்டிய நாள் முதல் யாரும் அடித்ததில்லை. இப்படி ஒரு சத்தம் போடும் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். மனுவில் கையெழுத்துப் போட வந்திருக்கும் அவரா, வயரைப் பிடித்துக்கொண்டே படியேறி வந்த எக்ஸ்சேஞ்சு அம்மாவா, தெரியவில்லை. ஜன்னல் வழியாக மடக்கிய குடையின் நுனி மட்டும் தெரிகிற மாதிரி இருக்கிறது.

இதற்கு மேல் என்னால் முடிவு எழுத முடியாது. எழுதினால் எழுதிக்கொண்டேதான் இருப்பேன். ஆறு மணி அடித்துவிடும், நான் இன்னும் ஒரு நல்ல வாக்கியம் தேடிக்கொண்டிருப்பேன். என் வண்டவாளம் எனக்குத் தெரியும்.

இந்த வரியை நீங்கள் படிக்கிறீர்கள் என்றால் நான் இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. படிக்க ஆள் இருக்கும்வரை எனக்கு இங்கே உட்கார ஒரு சாக்கு இருக்கிறது. தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள். மறுபடியும் பெல் அடிக்கிறது.