பனி விழாத கூரை

எங்கள் ஊர் கோர்பிலாவில் ஹில்கா வானியோவின் வீட்டின்மேல் பத்தொன்பது ஆண்டுகள் பனியே விழவில்லை. ஊரெல்லாம் இடுப்பளவு கிடக்கும். அவள் கூரைத் தகரம் காய்ந்திருக்கும், ஜனவரியிலும் வாசலில் பச்சைப் புல் நிற்கும். நகராட்சி ஆள் வந்து பார்த்தான், பனி வாரும் பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்தான், போனான். அக்கம்பக்கத்துப் பெண்கள் அவள் முற்றத்தில் துணி காயப்போட்டார்கள்.

இது தொடங்கிய நாள் ஊருக்கே தெரியும். கேபிள் தொழிற்சாலையில் மேலுறைக் கலவைத் தொட்டியருகே நிற்பவள் ஹில்கா. கடுங்குளிரில் கேபிளின் மேலுறை வெடிப்பதை நிறுத்த முடியாமல் பொறியாளர்கள் இரண்டு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் வழி கண்டுபிடித்த அன்று மாலையே கூரை காய்ந்தது. யாரிடமும் போய் அறிவிக்கவில்லை. வெள்ளிக்கிழமை தொழிற்சாலையின் நீராவிக் குளியலறையான சவுனாவில் பெண்கள் முறை வந்தபோது, மேல்பலகையில் உட்கார்ந்து, "கலவைய கொஞ்சம் ஆறவிட்டா தேவலபோல" என்றாள். சூடான கல்லில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஒருத்தி, "எவ்ளோ நேரம்டீ?" என்றாள். "ஒரு காபி குடிக்கிற நேரம்." அடுத்த வெள்ளிக்குள் ஆளுக்கொரு யோசனை அதில் சேர்த்திருந்தார்கள், அவர்கள் கூரைகளிலும் பனி மெலிந்தது. ஐந்தே ஆண்டில் தெரு முழுக்கக் காய்ந்தது. குளிர் நாடுகளெல்லாம் எங்கள் கேபிளைத்தான் கேட்டன. ஊருக்கு இரண்டாவது பள்ளிக்கூடமும் ஹாக்கி அரங்கமும் வந்தன.

பிறகு தொழிற்சாலை கைமாறியது. புதியவர்கள் சவுனாவை வீண்செலவு என்று இடித்து, அங்கே புத்தாக்க மையம் என்றொரு கண்ணாடிக் கட்டடம் எழுப்பினார்கள். யோசனை தோன்றினால் அவரவர் தடுப்புக்குள் உட்கார்ந்து, பெயர் போட்டுக் கணினியில் எழுத வேண்டுமாம். என் யோசனை என்று தானே எழுதுவது எங்கள் ஊரில் மானக்கேடு. அம்மணமாய் உட்கார்ந்து சரளமாகப் பேசியவர்களுக்குச் சட்டை போட்டதும் வாய் வரவில்லை. ஒவ்வொரு கூரையிலும் பனி திரும்பியது, ஹில்கா வீட்டைத் தவிர; முழுக் கலவையும் அவள் தலையில்தான் இருந்தது.

தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து புதிய முதலாளிகள் அனுப்பிய லின்ட்ரூஸ் என்ற அதிகாரி வந்து, முந்நூறு பேரையும் சாப்பாட்டுக் கூடத்தில் நிறுத்தினார். "இந்தக் கலவை எந்த ஏட்டுலயும் இல்லீங்க. முழுசா தெரிஞ்சவங்க கைய தூக்குங்க. இருந்தா தொழிற்சாலை இங்கயே இருக்கும், இல்லன்னா மூட வேண்டியதுதான்." ஹில்காவின் மகன் இல்போ அங்கேதான் கேபிள் கட்டும் பிரிவில் இருந்தான், அவன் மனைவிக்கு எட்டாம் மாதம். ஹில்கா தன் செருப்பைப் பார்த்தாள். நாங்களும் அவள் செருப்பைத்தான் பார்த்தோம். அடுத்தவரைக் கைகாட்டுவதும் எங்களுக்கு மானக்கேடுதானே! ஒரு கைகூட எழவில்லை. நானும் அங்கே நின்றேன்.

கோடைக்குள் தொழிற்சாலையை மூடினார்கள். இரண்டாவது பள்ளிக்கூடத்தையும் மூடினார்கள். இல்போ மனைவி, கைக்குழந்தையோடு ஸ்வீடனுக்குப் போய், லூலியோவில் ஒரு கேபிள் கம்பெனியில் சேர்ந்தான். மூன்றாம் குளிர்காலத்தில் போன் செய்தான்.

"அம்மா, இங்கயும் வெடிக்குதும்மா. அந்தக் கலவைய எப்படிப் பண்றது?"

அவள் அரைமணி நேரம் ஒன்றுவிடாமல் சொன்னாள். எழுதி முடித்தவன், "அன்னிக்கே கைய தூக்கியிருக்கலாமேம்மா" என்றான்.

"நீயும் பக்கத்துலதானே நின்ன? எங்கம்மாவுக்குத் தெரியும்னு சொன்னியா?"

அவன் குழந்தைக்குக் கடைவாய்ப் பல் முளைப்பதைச் சொன்னான்.

மறுநாள் காலை ஹில்காவின் கூரையில் ஒரு முழம் பனி கிடந்தது. அந்த வாரமே லூலியோவிலிருந்து படம் வந்தது: இல்போ வீட்டின் காய்ந்த கூரை, வாசலில் பச்சைப் புல், அதன்மேல் பேத்தி. ஹில்கா படத்தைப் பையில் வைத்துக்கொண்டு நகராட்சிக்குப் போய், பனி வாரும் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கச் சொன்னாள். அங்கிருந்த ஆள் பெயரை எழுதிக்கொண்டான். வெள்ளிக்கிழமைதோறும் வண்டி வரும் என்றான்.