இரு பொதியிலும் செம்பூ

கிழக்கே முகில் தங்கும் நெடுமலைகள் நிரையாய் நிற்க, மேற்கே தாழ்ந்த குன்றுகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து கிடக்க, இடையே மிளகும் சாதிக்காயும் கொக்கோவும் கலந்து மணக்கும் நீண்ட பள்ளத்தாக்கில், வடக்கு நோக்கி ஓடும் பெருவழியின் இருமருங்கும் கடைகளைப் பரப்பிக்கொண்டு வீற்றிருக்கிறது மாத்தளை நகர். மழை ஓய்ந்த மாலை நான்கு மணி. அம்மன் கோயில் கோபுரத்துப் பாவைகளின் கைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருக்க, அலுவிகாரைப் பக்கமிருந்து வரும் பேருந்துகள் சேற்றை வாரி இறைத்துச் செல்ல, நகரின் ஓரத்தில், ஒருபுறம் மேடும் மறுபுறம் பள்ளமுமான ஒரு திடலில் இருபத்தொரு இளைஞர்கள் பந்தின் பின்னே ஓடிக்கொண்டிருந்தனர். கற்றறிந்த பெரியீர், அவர்களுள் ஒருவன் மட்டும் பந்தைப் பார்க்கவில்லை. பந்தை வைத்திருந்தவனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பார்த்தவன் பெயர் விஜேந்திரன். முப்பத்துமூன்று அகவையினன், வாசனைப் பொருள் அரைக்கும் ஆலையொன்றில் பணிபுரிபவன், நகர்ப்புறத்து வளர்மதி உதைபந்தாட்டக் கழகத்துக்கு ஒன்பது ஆண்டுகள் தலைவனாய் இருந்தவன். பார்க்கப்பட்டவன் மேர்வின். யட்டவத்தைக்கு அப்பால், மலைச்சரிவில் இருக்கும் ஒரு தோட்டத்து இளைஞன். விடிவெள்ளிக் கழகத்தின் தலைவன். விஜேந்திரனை விட ஒன்பது அகவை இளையவன். ஒன்பது ஆண்டுத் தலைமையும் ஒன்பது ஆண்டு மூப்பும் சரிக்குச் சரியாய் அமைந்தது தற்செயலே ஆயினும், விஜேந்திரன் அதையும் ஒரு குற்றமாகவே எண்ணி மேர்வின் கணக்கில் சேர்த்துவிட்டான்.

இவ்விரு கழகங்களும் விரும்பி இணைந்தவை அல்ல. வளர்மதியின் ஆட்டக்காரர்களைக் கொழும்புக் கடைகளும் பாலைவன நாடுகளும் ஒவ்வொருவராய் இழுத்துக்கொண்டன; எஞ்சியோர் பதினொருவர். விடிவெள்ளியில் இருந்தோர் பத்துப் பேர். அவர்கள் ஆடிய திடலிலோ புது வீடுகள் எழும்பிவிட்டன. பதினாறு பேர் இல்லாத கழகத்துக்கு எந்தப் பிரிவிலும் இடமில்லை என்று மாவட்டச் சங்கம் விதித்தபோது, இணைவது அல்லது அழிவது என்னும் இரண்டே வழிகள் இருந்தன. இணைந்தனர். ஆயினும் ஓராண்டு மட்டும் சேர்ந்திருந்து பார்ப்பதென்றும், பருவ முடிவில் எப்பகுதியார் விரும்பினாலும் பிரிந்து போகலாம் என்றும் ஒப்புக்கொண்டனர். பிரிந்தால் இரண்டுமே சாகும் என்பது எல்லார்க்கும் தெரியும். ஆனாலும் கதவைத் திறந்து வைத்திருப்பதில் மாந்தர்க்கு ஓர் ஆறுதல் உண்டல்லவா?

பெயர்ச் சிக்கல் எளிதில் தீர்ந்தது. இரண்டு பெயரையும் சேர்த்து ‘வளர்மதி விடிவெள்ளி’ என்று வைத்தனர். மேலாடையின் நிறமும் இரண்டு மாலைச் சண்டைகளில் முடிவாயிற்று. தலைமைதான் தீரவில்லை. மதியும் வெள்ளியும் ஒரே வானில் நிற்கலாம். இரு தலைவர்கள் ஒரே திடலில் நிற்க முடியுமோ?

அப்போது விஜேந்திரன், தன் கழகத்தில் நெடுநாளாய் இருந்துவந்த ஒரு வழக்கத்தை எடுத்துரைத்தான். வளர்மதியினர் தமக்குள் முடியாத எதையும் அம்மன் முன் பூக்கட்டிக் கேட்பர். வாழையிலைத் துண்டு இரண்டில் ஒன்றினுள் செவ்வரளியும் மற்றொன்றினுள் நந்தியாவட்டையும் வைத்து, நூலால் சுற்றிப் பொதிகளாக்கி, அம்மன் அடியில் இடுவர். அதன்பின் கோயிலுக்குள் முதலில் காலெடுத்து வைக்கும் பெண் எவளோ, அவள் ஒன்றை எடுப்பாள். எடுத்ததே முடிவு. எடுக்காத பொதியை ஒருவரும் திறந்து பார்க்கலாகாது; பார்த்தால் அம்மனின் சொல்லை ஐயுற்றதாகும் என்று சொல்லி, அதை அப்படியே ஓடுநீரில் விட்டுவிடுவர். பொதி கட்டும் உரிமை பழைய தலைவனுக்கே உரியது.

விடிவெள்ளியினர் எல்லோரும் சிலுவை வணங்குவோர். இவ்வழக்கத்துக்கு அவர்கள் உடன்படமாட்டார்கள், அதையே காரணம் காட்டித் தலைமையைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்பது விஜேந்திரனின் உள்ளக் கணிப்பு. மேர்வினோ வாயெல்லாம் பல்லாகச் சிரித்து, “அதுக்கென்ன அண்ணே, ஒங்க அம்மனே சொல்லட்டும். எங்க மாதாவும் ஒங்க அம்மனும் பக்கத்துப் பக்கத்து வீட்டு ஆளுங்கதானே, பேசி முடிவெடுத்துக்குவாங்க” என்றான். இருபுறத்தாரும் கைதட்டினர். அந்தக் கைதட்டல் விஜேந்திரன் நெஞ்சில் மிளகாய்த் தூளாய் விழுந்தது. தன் கோயில், தன் வழக்கம், தன் தோழர். ஆயினும் கைதட்டு அவனுக்கு!

செவ்வரளி விஜேந்திரனுக்கு, நந்தியாவட்டை மேர்வினுக்கு என்று பேசி முடித்தனர். வெள்ளிக்கிழமைக் காலையில் கோயிற்கிணற்றடியில் அமர்ந்து இலையை விரித்த விஜேந்திரன், ஒரு பொதியில் செவ்வரளியை வைத்துக் கட்டினான். மற்றொன்றுக்கு நந்தியாவட்டையை எடுத்தவன், அதன் வெண்மையைச் சற்று நேரம் பார்த்திருந்தான். பின்பு அதைக் கிணற்றினுள் எறிந்துவிட்டு, இன்னொரு செவ்வரளியை வைத்துக் கட்டிவிட்டான். இவ்வளவுதான் நடந்தது, பெரியீர். வானம் இடிக்கவில்லை. புதுமணப் பெண்ணொருத்தி கணவனோடு உள்ளே வந்து, கேட்டதும் நாணிச் சிரித்து ஒரு பொதியை எடுத்துக் கொடுத்தாள். செம்பூ. மேர்வின் நெற்றியிலும் மார்பிலும் சிலுவைக்குறி இட்டுக்கொண்டு, எல்லாரினும் முந்திவந்து விஜேந்திரனைத் தழுவிக்கொண்டான். திறவாத பொதி ஓடையில் மிதந்து போயிற்று.

தலைமை கிடைத்துவிட்டது; அழுக்காறு தணிந்திருக்க வேண்டுமே என்பீர். அங்கேதான் தவறிவிடுகிறோம். வேறொருவனின் உடைமையைக் கண்டு எரிபவன், அவ்வுடைமை தன் கைக்கு வந்ததும் தான் தேடியது இது இல்லையே என்று வேறொன்றைத் தேடத் தொடங்குவான். தலைவனுக்குரிய கைப்பட்டை விஜேந்திரன் புயத்தில் இருந்தது; ஆட்டக்காரர் கண்களோ மேர்வின் முகத்தில் இருந்தன. பத்தாண்டுகளாய்த் தலைநிமிர்ந்து பாராமலே பந்தை விஜேந்திரன் கால்நோக்கித் தட்டிவந்த வளர்மதியின் லெட்சுமணன், இப்போது நிமிர்ந்து பார்த்தான். பார்த்துவிட்டு மேர்வினுக்குத் தட்டினான். முச்சக்கரவண்டி ஓட்டுநர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு மேர்வின் பெயரைச் சொல்லிக் கூவினர். ஒருநாள் ஆட்டம் பார்க்க வந்திருந்த மனைவி நிரோஷா, வீடு திரும்பும் வழியில், “அந்தப் புள்ள ஓடுறதப் பாத்தா காலு தரையில படுதான்னே தெரியலீங்க” என்று கள்ளமில்லாமல் சொல்லிவிட்டாள். அன்று குழம்பில் உப்பில்லை என்று அவன் எழுப்பிய சண்டையில் அண்டை வீட்டார் எட்டிப் பார்த்தனர். குழம்பில் உப்பு இருந்தது.

பருவத்தின் இறுதி ஆட்டம் கலேவெலையில். அவ்வூர்க் கழகத்தோடு சமநிலை பெற்றாலே முதற்பிரிவில் இடம் நிலைக்கும். தோற்றால் இரண்டாம் பிரிவு. மாத்தளையின் குளிர்ந்த காற்றைப் பின்னே விட்டு, வயல்களும் வெங்காயப் பாத்திகளும் விரிந்த வறள்நிலத்துக்குப் பேருந்தில் சென்று இறங்கியபோது வெயில் உச்சியைப் பிளந்தது. முற்பாதியில் கலேவெலையார் ஒருமுறை பந்தை வலைக்குள் புகுத்தினர். பிற்பாதியில் மேர்வின் மூவரைக் கடந்துசென்று அதைச் சமன் செய்தான். அதற்குப் பின் எதிரணியினர் இருவர் அவனை விட்டு அகலவே இல்லை. அவனைக் காவல் காப்பதிலேயே அவர்களுடைய தாக்குதல் ஒடுங்கிக் கிடந்தது. இன்னும் கால்மணி நேரம். அப்படியே முடிந்தாலும் போதும்.

அப்போது மேர்வின் கணுக்காலில் ஓர் அடி பட்டது. இரண்டு எட்டு நொண்டினான். மூன்றாவது எட்டில் ஓடினான். அவ்விரண்டு எட்டுகளை மட்டும் கண்ட விஜேந்திரன், ஓரத்தில் அமர்ந்திருந்தவனை எழும்பச் சொல்லிக் கையசைத்து, ஆள் மாற்றவேண்டும் என்று நடுவரிடம் கூறினான். பயிற்றுநர் என்று ஒருவர் இல்லாத கழகத்தில் தலைவன் சொல்லே சொல். லெட்சுமணன் பதறி ஓடிவந்தான்.

“டேய், அவனுக்கு ஒண்ணுமில்லடா! நல்லாத்தான் ஓடுறான்.”

“நான் கேப்டனா, நீ கேப்டனா?” என்றான் விஜேந்திரன்.

மேர்வின் உள்ளே வருபவனின் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டு வெளியே நடந்தான். அவன் எல்லைக்கோட்டைத் தாண்டிய அக்கணத்தில் விஜேந்திரனுக்கு உண்டான மகிழ்ச்சியை மறைத்துச் சொல்ல எம்மால் இயலாது; ஒரு பருவம் முழுவதும் அவன் நுகராத இன்பம் அது. இனி வெற்றிப் பந்தைத் தானே உதைக்கலாம், அத்தனை கண்களும் தன்பக்கம் திரும்பும் என்று எண்ணினான். காவலிலிருந்து விடுபட்ட கலேவெலையார் இருவரும் முன்னேறினர். ஆட்டம் முடிய இரண்டு மணித்துளிகள் இருக்கையில், அவ்விருவரில் ஒருவன் உதைத்த பந்து வளர்மதி விடிவெள்ளியின் வலையைக் கிழிப்பதுபோல் புகுந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்து, தேவாலயத்தில் திருப்பலி முடிந்து, முற்பகலில் எல்லாரும் திடலில் கூடினர். மேர்வின் நீங்கலாக விடிவெள்ளியினர் ஒன்பதின்மரும் ஒரே குரலாய்ப் பிரிந்து போவதென்று வந்திருந்தனர். “எங்க ஆள வெளிய எடுத்துத்தானே தோத்தோம்? எங்க கழகத்த எங்கக்கிட்டயே குடுத்திருங்க” என்றான் ஒருவன். திடலில்லாத பத்துப் பேர் ஒருபுறம், பதினொருவர் மறுபுறம். இரு புறமும் பதினாறைத் தொடமாட்டா. பிரிவதற்குக் கைகள் உயர்ந்துவிட்டால் அன்றோடு இரண்டு கழகங்களும் முடிந்தன. விஜேந்திரன் நிலத்தை நோக்கி நின்றான்.

மேர்வின் எழுந்தான். “அண்ணே எடுத்த முடிவு பிழையா இருக்கலாம். நானுந்தான் எத்தனையோ பந்தப் பிழையா அடிச்சிருக்கேன். ஆனா ஆளு பிழையில்ல. அம்மன் முன்னாடி வச்சுக் கேட்டோம், அவங்க இவரக் காட்டுனாங்க. நமக்குச் சாதகமா வந்தா ஒரு பேச்சு, வராட்டி ஒரு பேச்சா? யோசிச்சுட்டு வாங்க, தேத்தண்ணி குடிச்ச பொறகு கை தூக்குவோம்” என்றான். உறுமிக்கொண்டிருந்தவர்கள் முணுமுணுத்து அடங்கினர்.

தேநீருக்காக எல்லாரும் கடைப்பக்கம் நடக்க, விஜேந்திரன் மேர்வினை இலக்குக் கம்பத்தருகே தனியே அழைத்தான். எதற்காக அழைத்தான்? நெஞ்சு சுட்டது என்று சொன்னால் பாதியே உண்மை. மறுபாதியையும் சொல்லிவிடுகிறோம்: தான் கெடுத்த ஒன்றை இன்னொருவன் இவ்வளவு தூய்மையாய் நின்று காப்பதை அவனால் பொறுக்க முடியவில்லை. அத்தூய்மையில் ஒரு கீறலாவது விழவேண்டும். இவனும் ஒருமுறை சினந்து, கத்தி, தன்னைப்போல் ஆகவேண்டும். மனந்திருந்துவதற்கும் பொறாமைப்படுவதற்கும் அன்று அவன் நெஞ்சில் ஒரே வாயில்தான் திறந்திருந்தது.

“ரெண்டு பொதியிலயும் செவ்வரளிதான் இருந்துச்சு, மேர்வின். நான்தான் வச்சேன்” என்றான்.

மேர்வின் முகத்தில் சினம் வரவில்லை. நெடுநேரம் அவனைப் பார்த்தான்; முன்பின் அறியாத ஒருவரிடம் வழி கேட்டுவிட்டு விடைக்காக நிற்பவனைப் போலப் பார்த்தான்.

“இத வேற யாருக்கிட்டயும் சொல்லாதீங்க” என்றான் கடைசியில். “சொன்னா எங்க பொடியங்க இந்த நிமிசமே பஸ் ஏறிருவாங்க.”

“நீயே கேப்டனா இரு. நான் எல்லாருக்கும் முன்னாடி ஒதுங்கிக்கிறேன்.”

“வேணாம். என்ன காரணம்னு கேப்பாங்க. களவாண்டத நீங்களே வச்சுக்கிங்க. ஒவ்வொரு போட்டியிலயும் நீங்க முன்னாடி போங்க, நான் ஒங்களுக்குப் பின்னாடி வாறேன்.”

தேநீர் குடித்து வந்தவர்கள் கைகளை உயர்த்தினர். சேர்ந்திருப்பதற்கு முதலில் உயர்ந்த கை மேர்வினுடையது. அதைப் பார்த்து மற்ற ஒன்பதும் ஒவ்வொன்றாய் உயர்ந்தன. லெட்சுமணன் மகிழ்ச்சி தாளாமல் மேர்வினைத் தூக்கிச் சுற்றினான். கழகம் பிழைத்தது, இரண்டாம் பிரிவில், இன்னும் ஓராண்டுக்கு மட்டும்.

புதிய பருவம் தொடங்கிவிட்டது. மேர்வின் முன்போலவே விஜேந்திரனுக்குப் பந்தைத் தட்டிக் கொடுக்கிறான். முன்னிலும் செவ்விதாய்க் கொடுக்கிறான். லெட்சுமணனோடு சிரிக்கிறான், வாயிற்காவலனோடு சிரிக்கிறான், திடலோரத்து வண்டிக்காரரோடும் சிரிக்கிறான். விஜேந்திரன் அருகே வந்தால் மட்டும் அச்சிரிப்பு நின்று போகிறது. ஏன் என்று வேறெவர்க்கும் தெரியாது. இன்று விஜேந்திரனின் அழுக்காறு மேர்வின்மேல் இல்லை. அச்சிரிப்பைப் பெறுகின்ற ஒவ்வொருவர்மேலும் பரந்து கிடக்கிறது. பிறன் பெருமையைக் கவர்ந்துகொள்ளலாம், பெரியீர். பிறன் அன்பைக் கவர்ந்துகொள்ளும் வழியை இதுவரை ஒருவரும் கண்டதில்லை. அடுத்த ஆண்டு இக்கழகம் இருக்குமோ, மறுபடியும் கைகள் எப்படி உயருமோ, யாம் அறியோம். நடுவரின் ஊதல் ஒலித்ததும் கைப்பட்டையை இறுக்கிக்கொண்டு அவன் முதலாவதாகத் திடலுக்குள் ஓடுகிறான். பின்னால் மேர்வினின் காலடி ஓசை தவறாமல் வருகிறது. திரும்பிப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை.