பெட்ரோலுக்கு அடியில்

போன ஆடியில் எல்லையம்மன் கோயிலில் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தபிறகு துளசிங்கம் சாராயத்தைத் தொடவில்லை. லோகநாயகி அதை நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் தாலியைத் தவிர மற்ற நகையையெல்லாம் விற்று, படகின் பின்னால் மாட்டும் சின்ன இன்ஜின் ஒன்றை வாங்கச் சம்மதித்தாள். எண்பத்தாறாம் வருஷத்தில் நடுக்குப்பத்துக்காரர்கள் பெரும்பாலும் பாயையும் கழியையும் வைத்தே பழவேற்காடு ஏரியில் தொழில் செய்துகொண்டிருந்தார்கள். இன்ஜின் படகு போகும்போது கரையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

மார்கழி பிறந்ததும் அந்த வாசனை வந்தது. ஏரியிலிருந்து வந்த துளசிங்கம் குனிந்து கால் கழுவும்போது லோகநாயகியின் மூக்கில் ஏறியது. பெட்ரோல் நாற்றம் வழக்கமானதுதான். அதற்கு அடியில் தித்திப்பாக, காரமாக இன்னொன்று இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குப் பழக்கமான வாசனை.

“இன்னாய்யா வாசன அது?”

“பெட்ரோலு. டியூபுல வாய் வெச்சு உறிஞ்சித்தான கேன்லருந்து டேங்குக்கு ஏத்தறேன்? வேற இன்னா வாசன வரும்?”

பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கண்கள் சிவந்திருந்தன.

அன்றிலிருந்து அவள் அவனைக் கவனிக்க ஆரம்பித்தாள். சட்டைப் பையைத் துழாவினாள். வலைக் குவியலைப் புரட்டினாள். வீட்டுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பில் விறகு பொறுக்குகிற சாக்கில் மரத்தடி மரத்தடியாகக் கிளறினாள். ஒரு பாட்டில்கூட அகப்படவில்லை. இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஒளிக்கிறானே என்று பயம் அதிகமானதுதான் மிச்சம்.

அதே சமயம் இன்ஜினும் மக்கர் பண்ண ஆரம்பித்தது. நடு ஏரி வரைக்கும் போகும், இருமும், நின்றுவிடும். கூடத் தொழிலுக்குப் போகிற அவள் தம்பி சகாதேவன் கழியை ஊன்றித்தான் படகைத் தள்ளிக்கொண்டு வருவான். அவர்கள் கரை சேர்வதற்குள் ஏலம் முடிந்து, இறால் நசநசத்துப் போயிருக்கும்.

“இன்ஜின் நிக்குதா, இல்ல ஓட்றவனுக்குக் கால் நிக்கலியா?” என்றாள் கூடை தூக்க வந்த கோவிந்தம்மா.

லோகநாயகிக்கு அது சுருக்கென்று தைத்தது. போதையில் எதையாவது தப்பாகத் திருகுகிறான், அதனால்தான் நிற்கிறது என்று முடிவே கட்டிவிட்டாள். நேராகப் போய் அவனுடைய அண்ணன் மாரியிடம் சொன்னாள். மாரி வீட்டுக்கு வந்து விசாரிப்பான் என்று அவள் நினைத்திருந்தாள். அவனோ ஏலக் கரையில், அத்தனை பேர் முன்னால் தம்பியைப் பிடித்து நிறுத்தி, “ஊது, பாக்கலாம்” என்றான்.

துளசிங்கம் ஊதினான்.

“வருதே,” என்றான் மாரி.

அதற்கப்புறம் துளசிங்கம் அவளோடு பேசவில்லை. தட்டு வைத்தால் சாப்பிட்டான், அவ்வளவுதான்.

அவனுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. டேங்கின் அடியில் தண்ணீர் மாதிரி ஏதோ தேங்குவதை அவன் கண்டிருந்தான். பெட்ரோல் கேன் இருப்பது சகாதேவன் வீட்டில். தனக்கென்று ஒரு படகு வேண்டும் என்று சகாதேவன் கொஞ்ச நாளாகவே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

“நான் முன்னுக்கு வர்றது புடிக்காம நீதான்டா தண்ணி ஊத்தறே,” என்று ஒருநாள் கரையில் வைத்தே கேட்டுவிட்டான்.

சகாதேவன் கழியை மணலில் வீசினான். “இன்னா மாமா சொல்ட்டே?” என்று மட்டும் கேட்டான். பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு காட்டுப்பள்ளியில் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டான்.

ஒரு வாரத்தில் இன்ஜின் அடியோடு கிளம்ப மறுத்தது. துளசிங்கம் அதைப் பழவேற்காடு பஜாரில் கௌஸ் மைதீன் பாயின் மெக்கானிக் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனான். போகிற வழியில் சாராயக்கடை இருந்ததால் லோகநாயகியும் கூடவே நடந்தாள். அவள் எதற்கு வருகிறாள் என்று அவனுக்குத் தெரியும். எப்போதும் பெட்ரோல் வாங்குகிற வேதாசலம் கடையில் அப்போதுதான் வாங்கிய புது பெட்ரோல் கேனை அவள் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தான்.

பாய் ரப்பர் டியூபைப் பிடுங்கிப் பார்த்தார். ஊறிப்போய்ப் பருத்து, நகம் பட்ட இடத்தில் பிய்ந்து வந்தது. டேங்கின் அடியில் கிடந்ததைக் கண்ணாடி பாட்டிலில் வடித்து வைத்தார். மேலே பெட்ரோல் நின்றது, கீழே தெளிவாகத் தனியாக இன்னொன்று.

“தண்ணி! நான் சொன்னேன்ல?” என்றான் துளசிங்கம்.

பாய் மேலே நின்றதை இறுத்துவிட்டு அடியில் கிடந்ததைத் தகர மூடியில் ஊற்றினார். லோகநாயகி குனிந்து முகர்ந்தாள். தலையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“இது தண்ணி இல்ல பாய். சாராய வாசன அடிக்குது.”

பாய் தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினார். மூடியில் நீலமாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் எரிந்தது.

“தண்ணி எரியுமாம்மா? ஸ்பிரிட்டு,” என்றார். “பெட்ரோல்ல கலந்துட்டா கண்ணுக்குத் தெரியாது. ஆனா ஈரத்த இழுத்துக்கும். ஏரிக் காத்து, கேன் கழுவினப்போ நின்ன சொட்டு, அத்தோட சேந்துகினு கீழ எறங்கிடும். இன்ஜின் அதக் குடிச்சிட்டு எப்டி ஓடும்?”

புது கேனிலிருந்தும் ஒரு பாட்டில் எடுத்து, விரல் உயரம் தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தார். அடியில் நின்றது இரண்டு விரல் உயரமாகியிருந்தது. ஸ்பிரிட் முழுக்கத் தண்ணீரோடு சேர்ந்துகொண்டிருந்தது.

துளசிங்கம் அவளைப் பார்த்தான். அவளால் நிமிர முடியவில்லை. அந்தப் பெட்ரோலை டியூபில் வாய் வைத்து உறிஞ்சினால் வேறு என்ன வாசனை வரும்? அவன் அன்றைக்கே சொன்னான்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு அவள்தான் முதலில் வேதாசலத்தின் கடை ஏறினாள்.

“லாரில வர்றத அப்டியே ஊத்திக் குடுக்கறேன். என்கிட்டயே வித்தை காட்றியா?” என்று அவன் கத்தினான்.

“சரி. ஒன் பேரல்லருந்து நீயே ஒரு பாட்டில் எடு. இங்கியே தண்ணி ஊத்திப் பாக்கலாம்.”

அவன் எடுக்கவில்லை. கடையில் நின்றவர்கள் அவன் கையையே பார்த்தார்கள். மறுநாள் முதல் பெட்ரோல் வாங்குகிறவர்கள் சோதித்துப் பார்க்க ஆளுக்கொரு பாட்டிலோடு வந்தார்கள். மாசக் கடைசிக்குள் அவன் பெட்ரோல் விற்பதையே நிறுத்திவிட்டான். கலந்தது அவனா, லாரிக்காரனா, கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

பொன்னேரியிலிருந்து பெட்ரோல் வாங்கி வந்து, புது டியூப் மாட்டியதும் இன்ஜின் ஓடியது.

லோகநாயகி ஏலக் கரைக்குப் போனாள். “எம் புருசன் குடிக்கல. நான்தான் தப்பா சொல்ட்டேன்,” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். மாரி, “சரி, சரி, போ” என்று மீன் கூடையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

பிறகு இரண்டு பேருமாகப் படகில் காட்டுப்பள்ளிக்குப் போனார்கள். சகாதேவன் வலை கட்டிக்கொண்டிருந்தான்.

“தப்பு என்னுது மச்சான். வந்துடு,” என்றான் துளசிங்கம்.

“வீட்டுக்கு வர்றேன் மாமா, சாப்ட வர்றேன். படகுக்கு வர மாட்டேன். நாளைக்கு இன்ஜின் நின்னா மொதல்ல என் மூஞ்சத்தான் பாப்பே.”

எவ்வளவு கேட்டும் அவன் அசையவில்லை.

திரும்பும்போது இன்ஜின் ஒரு தரம்கூட இருமவில்லை. முகத்துவாரத்துப் பக்கம் வெயிலில் கண் கூசியது. துளசிங்கம் இன்ஜினைப் பிடித்தபடியே கேட்டான்.

“கழி புடிக்க ஆள் வேணும். நீ வர்றியா?”

கூலி ஆள் கிடைக்காமல் கேட்கிறானா, குடிக்கிறேனா என்று இனி நேரிலேயே பார்த்துக்கொள் எனக் குத்துகிறானா? அவன் முகத்திலிருந்து அவளால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

“வர்றேன்யா,” என்றாள்.