பள்ளிக்குப் பின்னால் மேடு

1

சித்திரபுரத்துக்கு மேலே, தேயிலைச் சரிவில், புல் மூடிய சமதளம் ஒன்றைக் காட்டினார்கள். எஸ்டேட் பள்ளி இருந்த இடமாம். மண் சரிந்து போனது என்றார் ஒருவர். பள்ளியை மூடிக் கட்டடத்தைப் பிரித்துவிட்டார்கள் என்றார் இன்னொருவர். இருவரையும் நான் நம்பவில்லை. அதனால் இந்தக் கதை.

2

முதல் வரி: 'வெள்ளம் வடிந்ததும் பிள்ளைகள் துள்ளிக்கொண்டு'

இல்லை. யாரும் துள்ளவில்லை. 1924 வெள்ளம் பழைய பள்ளியைக் கொண்டுபோனது. ஓராண்டு பிள்ளைகள் களை பறித்தார்கள். பிறகு மேட்டை வெட்டி, அதன் அடியில் புதுப் பள்ளி. எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரையின் உத்தரவு: மணியடிக்கும்போது கட்டடத்துக்குள் இருந்தால் மாணவன், வெளியே நின்றால், தோட்ட வேலைக்கு ஆள் சேர்க்கும் கங்காணியின் ஆள்.

வாத்தியார் சுவக்கீன், பிள்ளைகள் மறந்த எழுத்துகளை முதலிலிருந்து தொடங்கினார். கங்காணியின் பெயர் சோலை; அவருக்கு வேலையாள் குறைந்தது. சன்னலில் எட்டிப் பார்ப்பார்.

"வாத்தியாரே, வாய்ப்பாடு கொழுந்து கிள்ளுமா?"

3

ஒரு மழைக் காலையில், பள்ளி மணி அடிக்கும் முன், கொழுந்து பறிக்கும் ராமுத்தாய் வந்தாள்.

"ஐயா, மேட்டுல மண்ணு வாயப் பொளந்துருக்கு. பிள்ளைகள வெளிய கூட்டிட்டுப் போயிருங்க."

"கங்காணி சொல்லிவிட்டாரா?"

"அவரு சொன்னா நா ஏன் ஒளிஞ்சு வாரேன்?"

"ஒளிஞ்சு போகச் சொல்லிருப்பாரு."

(ஏறிப் பார்க்கலாமே என்கிறீர்கள். வாத்தியார் ஏறிப் பார்த்தார். விரிசல் இருந்தது. மழை போட்டதா, மண்வெட்டி போட்டதா, தெரியவில்லை.)

"உம் மக அழகுத்தாய் உள்ளதான இருக்கா? ஏன் அனுப்புன?"

"வெளிய நின்னா வேலைக்கு இழுத்துருவாகளே ஐயா."

இந்தப் பதிலை அடித்து அடித்து எழுதினேன். உண்மை சொல்லும் தாய் இப்படித்தான் பேசுவாள். சொல்லிக்கொடுக்கப்பட்டவளும் இப்படித்தான் பேசுவாள்.

4

ஒரு முடிவு: பிள்ளைகள் வெளியேறியதும் மண் சரிகிறது. எல்லோரும் பிழைக்கிறார்கள். எனக்கு வசதியாக இருக்கிறது, ஆகவே சந்தேகம்.

இன்னொன்று: மண் அசையவில்லை. வெளியே வந்த பிள்ளைகள் அன்றே களை பறிக்கிறார்கள். பள்ளியின் பலகைகளைப் பிரித்து—

நான் எழுதி முடிக்கும்வரை சுவக்கீன் காத்திருக்கவில்லை.

"முதல்ல உம் மகளக் கூட்டிட்டுப் போ. அப்ப நம்புறேன்."

ராமுத்தாய் அழகுத்தாயின் கையைப் பிடித்துக் கதவைத் திறந்தாள். வெளியே சோலை குடையுடன் நின்றார். மறு கையில் புதுக் கூடை. பிள்ளையின் முதுகளவு.

ராமுத்தாய் மகளின் கையை விடவில்லை. நகரவும் இல்லை. மற்றப் பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள். மேட்டை ஒட்டிய பின்சுவரில் செம்மண் நீர் வழிகிறது. மழை நாளில் எந்தச் சுவரிலும் வழியும்.

இனி நான் எழுதுவதை நம்பாதீர்கள். அந்தப் பிள்ளைகளைக் கதவுக்கு எந்தப் பக்கம் நிறுத்துவது? நீங்களே சொல்லுங்கள், மணி அடிப்பதற்குள்.