பூஜ்யம் காட்டிய மீட்டர்

என் கணவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் அவசரக்குடுக்கை. பின்னறையில் கருகிப்போன பிளக் பாயிண்டைக் கழற்றிய கையோடு ஒயரைப் பிடிக்கப் போனார். நான் மல்டிமீட்டரைக் குறுக்கே நீட்டினேன்.

"மெயினைத்தான் அணைச்சாச்சே!"

"மீட்டர் சொல்லட்டும்."

மீட்டர் வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. நான் எலக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொள்வது அவருக்கு நல்ல வேடிக்கை. சுவரில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு ஒயரிலும் மீட்டரின் முனைகளை வைத்தேன். பூஜ்யம்.

"நாடி இல்லையா டாக்டரம்மா? அப்ப தொடலாம்."

"கொஞ்சம் சும்மா இருங்க. பூஜ்யம்னு வந்தா முதல்ல மீட்டரைத்தான் சந்தேகப்படணும்."

கையிலிருந்த டார்ச்சை அணைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் அதிலிருந்த பேட்டரியை எடுத்தேன். மீட்டரை டிசிக்குத் திருப்பி அளந்தேன். அதற்கும் பூஜ்யம். மீட்டரின் சிவப்பு ஒயரை வளைத்துப் பார்த்தேன், பிடியை ஒட்டிய இடத்தில் உள்ளுக்குள்ளேயே அறுந்திருந்தது. அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

பெட்டியில் இன்னொரு ஜோடி ஒயர் இருந்தது, முனையில் கவ்வும் கிளிப்போடு. அதை மாட்டி அளந்ததும் பேட்டரி ஒழுங்காகக் காட்டியது. மீட்டரைத் திரும்ப ஏசிக்குத் திருப்பினேன். சுவர் ஒயரில் கரண்ட் இருப்பதாகவே நினைத்து, பிளாஸ்டிக்கை மட்டும் பிடித்துக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக மாட்டினேன்.

இருநூற்று முப்பது.

"நம்ம மெயின் அணைஞ்சுதான இருக்கு? இது எங்கேருந்து வருது?" என்றார்.

இருவரும் சுவரைப் பார்த்தோம். நாங்கள் குடியிருப்பது வீட்டின் பாதி. மறுபாதி அந்தச் சுவருக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கிறது. பல வருஷமாக ஆளில்லை என்றுதான் ஓனர் சொல்லியிருந்தார். அதன் பூட்டை நானே பார்த்திருக்கிறேன், துருவேறி ஒரே கட்டியாக இருக்கும்.

அந்தப் பக்கம் 'டிக்' என்றது. சுவிட்ச் போடும் சத்தம், தெளிவாகக் கேட்டது. மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கியது.

"யாருங்க அங்க?" என்று கத்தினேன். சுவரில் காதை வைத்துக் கேட்கவும் பயமாக இருந்தது.

"எவனோ அணைச்சுட்டான், நல்லதாப் போச்சு. மறுபடி போடுறதுக்குள்ள டேப் சுத்திடுறேன்," என்று அவர் கையை நீட்டினார்.

இந்த முறை மீட்டர் பொய் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் சுவிட்ச் எங்கள் கையில் இல்லையே. எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். விரல் நுனிக்கும் செம்புக்கும் நடுவே ஒரு நகக்கண் இடைவெளிகூட இல்லை.

'டிக்.'

இருநூற்று முப்பது.

இழுத்த வேகத்தில் இருவரும் தரையில் விழுந்தோம். அவர் இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டார். மறுபடி 'டிக்', மீட்டர் மீண்டும் பூஜ்யத்துக்கு வந்தது.

"நான் கைய நீட்டுறது அங்க தெரியுதுடி," என்றார்.